சூளை பிரித்த பிறகு

மேற்குச் சிங்கப்பூரில், ஜாலான் பஹார் சாலையிலிருந்து பிரியும் லோரோங் தாவாஸில் இரண்டு டிராகன் சூளைகள் சற்றுத் தள்ளித் தள்ளிப் படுத்திருக்கின்றன. தாவ் குவாங் சூளை 1940இல் கட்டப்பட்டது. குவான் ஹுவாட் சூளை 1958ஆம் ஆண்டினது. அதன் நீளம் 43 மீட்டர். விறகெரிக்கும் இவ்வகைச் சூளைகளில் நாட்டில் எஞ்சியவை இவை இரண்டுதான். சரிவில் ஏறிச் செல்லும் நீண்ட செங்கல் குகையின் கீழ்முனையில் தீவாய், மேல்முனையில் புகைபோக்கி, இரு பக்கச் சுவர்களிலும் விறகு போடும் சிறு துளைகள் என்பதே இதன் அமைப்பு. எரியும்போது வாயில் நெருப்பும் வாலில் புகையுமாக இருப்பதால் தென்சீனக் குயவர்கள் இதை டிராகன் என்றார்கள்.

ஒரு காலத்தில் இங்கே வெந்து வெளிவந்தவற்றில் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளும் உண்டு. மலாயாத் தோட்டத் தமிழர் ‘மங்கு’ என்று சொன்னது இதைத்தான். விடியுமுன் மரம் சீவப் போனவர்களின் கையில் தினமும் புழங்கிய அந்த மண்பாண்டத்தைச் செய்தவர்கள் சீனக் குயவர்கள். பிறகு ஆர்க்கிட் தொட்டிகள் வந்தன. பிளாஸ்டிக் வந்ததும் அவற்றின் தேவையும் குறைந்தது. இப்போது ஆண்டுக்குச் சில முறைதான் சூளை மூட்டுகிறார்கள். மற்ற மாதங்களில் அது சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கும் காலத்தில்தான் பராமரிப்பு வேலை முழுவதும் நடக்கிறது.

நெருப்பு 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் எல்லாத் துளைகளையும் செங்கல்லும் மண்சாந்தும் வைத்து அடைத்துவிடுவார்கள். அதன்பின் சில நாள் யாரும் தொடுவதில்லை. சுட்ட மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென அளவு மாறும். அந்த வெப்பநிலையைப் பாண்டம் மெதுவாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டு வாசலைப் பிரித்தால் குளிர்ந்த காற்று பட்டு, ஒரு வார உழைப்பு டங்கென்ற ஓசையோடு பிளந்துபோகும். தமிழ்நாட்டுக் குயவரான வேளாரும் சூளையை ஆறவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் அவர்களின் வெப்பம் இதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

வாசலை அடைத்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவதுபோல் அடுக்கிவைக்கிறார்கள், அடுத்த முறையும் அவையே வேண்டும் என்பதால். உள்ளே நுழைபவர் குனிந்தே நடக்க வேண்டும். தரையெங்கும் சாம்பல். எரிப்பது கழிவு மரம் என்பதால் சாம்பலுக்குள் ஆணிகளும் கிடக்கும். விறகுச் சாம்பல் இங்கே குப்பையும் ஆகும், வண்ணமும் ஆகும். தீயோடு பறக்கும் சாம்பல் பாண்டத்தின் தோளில் படிந்து, மண்ணிலுள்ள சிலிக்காவோடு உருகிக் கண்ணாடிப் பூச்சாகிறது. பச்சையும் பழுப்புமாக வழிந்த அந்தப் பூச்சுக்காகவே இன்றைய மண்கலைஞர்கள் கேஸ் சூளையை விட்டுவிட்டு இங்கே வருகிறார்கள்.

பாண்டத்துக்கு அழகு சேர்க்கும் அதே பூச்சு அடுக்குப் பலகைக்குச் சனியன். உருகிச் சொட்டியது பலகையில் கண்ணாடித் துளியாக இறுகிவிடும். உளியாலும் தேய்ப்புக் கல்லாலும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தெறிக்கும் சில்லு கண்ணைக் கெடுக்கும், தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சுரண்டிய பலகை மேல் அலுமினாவும் வெள்ளைக் களிமண்ணும் கரைத்த குழம்பைப் பூசுகிறார்கள். அடுத்த முறை சொட்டுவது பலகையில் ஒட்டாமல் அந்தப் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். பார்வையாளர் யாரும் படம் எடுக்காத வேலை இது. சூளைத் தொழிலின் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது வளைவுக் கூரை. ஒவ்வொரு சூட்டிலும் அது விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. மயிரிழை விரிசலைத் தொட வேண்டியதில்லை. சூடேறும்போது தானே மூடிக்கொள்ளும். இளகிய செங்கல்லைத்தான் எடுத்து மறுபடி பொருத்த வேண்டும். பொருத்துவதற்குத் தீக்களிமண்ணும் மணலும் கலந்த சாந்தே சரி. சிமெண்ட் பூசுவது பெருந்தவறு. 400 டிகிரியைத் தாண்டினால் சிமெண்டின் உள்ளிருக்கும் சுண்ணாம்புச் சேர்மம் நீரை இழந்துவிடும். ஆறியபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி உதிரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அந்த ஈரம்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். சும்மா கிடக்கும் செங்கல் இதையெல்லாம் குடித்துவைத்திருக்கும். ஈரச் செங்கல்லைச் சட்டெனச் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்து அதன் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். ஆகவே சூளைக்கு மேல் தனிக் கூரை உண்டு. மூட்டும்போதும் முதலில் தீவாயில் சிறு நெருப்புதான். பல மணி நேரம் அது உடலை உலர்த்திய பிறகே பெருநெருப்பு. விறகையும் கூரைக்கடியில் காயவிடுகிறார்கள். பச்சை விறகு தன் நீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

குளிர்நாட்டு வீடுகளின் கணப்படுப்புக்கும் இதே விதிதான் பொருந்துகிறது. அங்கே குளிர்காலம் முடிந்ததும் சாம்பலை அள்ளி, புகைபோக்கியில் படிந்த தார்க்கரியைத் தூரிகையால் துடைப்பார்கள். அந்தக் கரி தீப்பிடித்தால் வீடே போய்விடும். சாம்பலைக் கோடைக்கு விட்டுவைத்தால் அது ஈரம் வாங்கி இரும்புத் தட்டியை அரிக்கும்.

சிங்கப்பூருக்கே திரும்பினால், லிட்டில் இந்தியாவும் ஒரு காலத்தில் சூளைப் பூமியே. சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் தமிழர் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் அதே சாலையோரம் இயங்கிய அரசுச் செங்கற்சூளையின் கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் பெற்றது. இன்று காளவாயும் இல்லை, சூளையும் இல்லை. அந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் மண் நெருப்பு உணவகச் சமையற்கட்டின் தந்தூர் அடுப்புதான், அதுவும் பெரும்பாலும் கேஸில்.

கரி தந்தூருக்கும் வைத்தியம் சூளையைப் போலத்தான். அடுப்பு முழுதும் ஆறியபின் அடித்துளை வழியாகச் சாம்பலை வாருகிறார்கள். உள்சுவரை ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பெரிய விரிசலுக்குக் களிமண் குழைத்து அடைத்துச் சிறு சூட்டில் உலர்த்துவார்கள். நான் ரொட்டி சுவரில் பிடிக்காமல் கரியில் விழுந்தால் சுவர் எண்ணெய் குடித்திருக்கிறது அல்லது சூடு போதவில்லை என்று மாஸ்டர் புரிந்துகொள்வார். உப்புநீரைத் தெளித்துச் சுவரைப் பதப்படுத்துவார். இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வருவதில்லை. அது கைவந்த ஆளைத் தேடும் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதியில் எடுக்க 2023 செப்டம்பரில்தான் வழி திறந்தது.

லோரோங் தாவாஸுக்குப் போக நினைப்பவர்கள் சூளை பிரிக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம். கனமான காலணி அணிந்து செல்லுங்கள். சாம்பலில் ஆணி இருக்கும்.