ஓடுகிற கம்பியூட்டரைக் கைவிடாதீர்கள்

உல்லையிலும் பொத்துவிலிலும் கம்பியூட்டர் திருத்துகிறவனுக்கு உப்புக் காற்றுதான் தீராத தொல்லை. அறுகம்பே கரையோரக் கெஸ்ட் ஹவுஸ்களிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ஸ்க்ரூக்கள் துருவேறி, ரேம் பொருத்தும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். துடைத்து, உலர்த்திக் கொடுத்தால் மறுபடி ஓடும்.

2025 ஒக்டோபர் 14க்குப் பிறகு வந்த பலவற்றில் துடைக்க எதுவும் இல்லை. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ரொசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும். 2016இல் வாங்கிய ஆறாம் தலைமுறை லப்டொப் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தகுதி பெறாது.

"அப்ப புதுசுதான் வாங்கணுமா தம்பி?" என்று கேட்டார் அப்படியொரு லப்டொப்போடு வந்த, கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஒரு காக்கா. புது லப்டொப்பின் விலை டொலரைப் பொறுத்தது; 2022இல் 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360ஐத் தாண்டியதைக் கண்ட நாடு இது. சீசனும் முடிந்து, வருமானம் வற்றும் நேரம்.

அவருக்குத் தேவை பில், கணக்கு, இமெயில், அறைப் பதிவு. முதலில் ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்துவைத்தேன். பிறகு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்தோம். வைஃபையும் பிரின்டரும் வேலை செய்தன. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு நிறுவினேன். அவருடைய வாடகை ஒப்பந்தம் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஆவணம் அது. அந்த எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. அவருக்கு நிறுவிய மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவரை நான் மாற்றச் சொல்வதில்லை. லினக்ஸிலும் முடிவு உண்டு: 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, 32 பிட் கம்பியூட்டர்களில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. பழைய இயந்திரத்துக்கு ஆதரவு என்பது, யாரோ உட்கார்ந்து சோதித்து, ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்கும் உழைப்பு. அந்த ஆட்கள் குறைந்தால் ஆதரவும் போய்விடும்.

அதனால் கம்பியூட்டர் வாங்க வருபவர்களிடம் இப்போது ஒன்றை விடாமல் சொல்கிறேன்: விலையையும் வொரன்டியையும் கேட்பதோடு, எந்த வருடம் வரை அப்டேட் கிடைக்கும் என்றும் கேளுங்கள். பழையதை வீசப் போகிறவர்களிடம் சொல்வது, அதற்கு முன் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்.