ஈ, தா, கொடு

சொல், கூறு, பேசு, உரை, மொழி, இயம்பு, பகர், செப்பு, நவில், விளம்பு, அறை, கழறு! வாய் திறந்து கருத்தை வெளியிடும் ஒரே செயலுக்குத் தமிழ் ஈன்று தந்த சொற்கள் இவை. இன்னும் பல உண்டு. கேளம்பாக்கத்தில், நமது வீட்டுத் திண்ணையில், மாலைதோறும் இந்தப் பட்டியல் ஒலிக்கிறது. ஒப்பிப்பவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அண்டைவீட்டுச் சிறுமி. நூலைக் கையிலே வைத்துக்கொண்டு வினாத் தொடுப்பது நமது வேலை.

எதற்காக இந்தப் பயிற்சி? திருப்பூர் மாவட்டத்து அமராவதிநகரிலே 1962 முதல் இயங்கிவரும் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிலே சேரவேண்டும் என்பது அவள் கனவு. நெடுங்காலம் சிறுவர்க்கே உரியனவாக இருந்த சைனிக் பள்ளிகள் 2021-22 கல்வியாண்டில் நாடெங்கும் சிறுமியர்க்கும் கதவு திறந்தன. கதவு திறந்தது, ஆனால் வாயிலிலே தேர்வு நிற்கிறது. மொத்தம் 300 மதிப்பெண். அதிலே மொழிக்கு 25 வினா, 50 மதிப்பெண். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்பிலே சேர விரும்புவோர் ஆங்கிலத்திலேதான் எழுதவேண்டும். பத்து வயதிலே தாய்மொழிக்கு இருக்கும் மதிப்பு, பதின்மூன்று வயதிலே பறந்துவிடுகிறது போலும்!

பட்டியலை மனத்திலே பதிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்னும் நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாய் ஒப்பித்தனர். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதாவது, செயல்களின் பெயர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அச்சு நூல் அரிதாக இருந்த நாளில் நினைவே நூலகம். ஆகவே மனப்பாடத்தை நாம் பழிக்கவில்லை. அந்தத் திண்ணையிலே யார் அமர முடிந்தது, யார் தெருவிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதுதான் நாம் மறக்கக்கூடாத செய்தி.

பயிற்சி நூல் கேட்கிறது: கீழ்க்காணும் நான்கில் ஒத்த பொருள் தரும் சொல் எது? குறியிடு, மதிப்பெண் பெறு, அடுத்த வினாவுக்கு ஓடு! ஆனால் இந்தச் சொற்கள் உண்மையிலே ஒத்தவைதாமா? செப்பு என்பது, கேட்ட வினாவுக்கு விடை இறுப்பது. தவறு செய்த மகனைத் தாய் இடித்துரைத்தால் அது கழறுதல். பலகால் சொல்லிச் சொல்லிப் பழகுவது நவிலுதல். நமது திண்ணையிலே நடப்பது அதுதான். பகர் என்ற சொல்லுக்கோ விற்றல் என்ற பொருளும் உண்டு. உப்பு விற்போர் விலை கூவித் தெருவிலே வந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். அந்தச் சொல்லின் பொருள் விளங்கும்.

சிறுமியின் பாட்டி அந்நாளில் கழியோரத்து உப்பளத்திலே உழைத்தவர். பாத்தியை மிதித்தல், உவர்நீரைப் பாய்ச்சுதல், உப்பை வாருதல், வாரியதைக் குவித்தல் என்று அவரிடம் வினைச்சொற்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது, ஒரு பக்குவம், ஒரு முதுகுவலி. வலையை வீசுவது வேறு, விரிப்பது வேறு, உதறுவது வேறு என்பதைக் கோவளத்துச் சிறுவன் பள்ளிக்குப் போகுமுன்பே அறிவான். இந்த அறிவை எந்த நுழைவுத் தேர்வு கேட்கிறது? எந்தத் தாளிலே இதற்கு மதிப்பெண்?

நமக்குத் தெரிந்த மற்றொரு குடும்பம். சரக்கு வண்டி ஓட்டும் தந்தை, மகனை ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பள்ளியின் பெயர் வேண்டாம். நடத்தல் என்பதற்கு ஆங்கிலத்திலே வேறு இரண்டு சொற்கள் கூறு என்றார்கள். பிள்ளை வாய் திறக்கவில்லை. இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் எழுந்துவிட்டன. அந்த மாளிகைகளுக்குச் செங்கல்லும் மணலும் ஏற்றிச் சென்றவரின் மகனுக்கு அந்தச் சாலையிலே ஒரு வகுப்பறை கிடைக்கவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 13-ஆம் பிரிவு, பிள்ளைகளைச் சேர்க்கும்போது வடிகட்டும் சோதனை கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை தண்டம். சைனிக் பள்ளி போன்றவை அச்சட்டத்திலே தனி வகையாகப் பெயர் பெற்று, தேர்வு நடத்தியே வருகின்றன. பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழக அரசு 2007-இல் சட்டத்தின் வாயிலாக நீக்கியது. மருத்துவத்துக்கு 2017-இல் நீட் என்ற பெயரிலே மீண்டும் சுவர் எழுந்தது. இளைஞனுக்கு முன் எழுப்பிய சுவரைக் கண்டு கொதித்த நாம், பத்து வயதுப் பிள்ளைக்கு முன் நிற்கும் சுவரைக் காணாதிருக்கலாமா?

அதற்காகச் சிறுமியின் பயிற்சியை நிறுத்திவிடவில்லை. சுவர் இருக்கும்வரை ஏணியும் வேண்டும். ஆனால் முறையை மாற்றினோம். பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒரு தொடரிலே அமர்த்தச் சொல்கிறோம். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்கிறோம். பாட்டியும் வந்து அமர்கிறார்; உப்பளத்துச் சொற்கள் நிகண்டுச் சொற்களோடு சரியாசனம் பெறுகின்றன. முன்பு முணுமுணுத்த பிள்ளை இப்போது வாதாடுகிறாள்.

ஒருநாள் வந்த வினா, கொடு என்பதற்கு ஒத்த சொல் எது என்பது. தா என்று அவள் குறியிட்டாள். விடைப் பட்டியலும் அதையே சரி என்றது. தொல்காப்பியமோ வேறு கணக்குச் சொல்கிறது. தனக்கும் முன்னிற்போனுக்கும் ஆயின் தருதல். படர்க்கையானுக்கு ஆயின் கொடுத்தல். எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்போம். அம்மட்டோ! ஒரு பொருளைக் கேட்கும்போது இழிந்தோன் சொல்வது ஈ. ஒப்போன் சொல்வது தா. உயர்ந்தோன் சொல்வது கொடு. மூன்று வினைச்சொல்லிலே ஒரு சமுதாயத்தின் ஏணிப்படியே தெரிகிறது.

அந்தப் படிகளிலே மனிதரை நிறுத்தி வைத்த காலம் போகட்டும். சொற்களின் நுட்பம் நம்மிடம் இருக்கட்டும். கல்வியைக் கேட்கும் நாம் எந்தச் சொல்லால் கேட்பது? ஈ என்று இரப்பதற்கு இது பிச்சையன்று. கொடு என்று ஆணையிட நமக்குக் கீழே எவரும் இல்லை. ஒப்போன் ஒப்போனிடம் கேட்கும் சொல் ஒன்று இருக்கிறது. உப்பளத்துப் பாட்டியின் பேத்திக்கும் வண்டியோட்டியின் மகனுக்கும் அந்தச் சொல்லே உரியது: தா!