திரும்பி வரும் எடை
எம் மதரஸாவில் ஓதும் 16 வயது மாணவர் ஒருவர், உணவைக் கடுமையாகக் குறைத்து 9 கிலோ எடை இழந்தார். ஓராண்டுக்குள் அத்தனையும் திரும்பிற்று. "நஃப்ஸை அடக்கத் தெரியாதவன்" என்று உறவினர் பழித்தனர். அப்பழி நீதியன்று. எடை குறைந்ததும் உடல் அதைப் பஞ்சமெனக் கருதுகிறது. நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஓய்வில் செலவாகும் ஆற்றலும் சுருங்குகிறது. மெல்போர்னில் பெரியவர்கள் 50 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், பசியை ஆளும் ஹார்மோன்களின் மாற்றம் ஓராண்டு கழிந்தும் நீடித்தது. ஆகவே அவர் பெற்றோரிடம் கூறினேன்: பட்டினி வேண்டாம், வீட்டார் அனைவரும் ஒரே நிதானமான உணவுமுறையைக் கைக்கொள்ளுங்கள், மருத்துவரைத் தொடர்ந்து காணுங்கள். பிள்ளையைப் பழிக்கும் நாவை அடக்குவதும் நஃப்ஸை அடக்குவதே.