பாலையில் முதுமைக்கோர் வீடு

மணம் முடித்த இளைஞன் வீடு தேடுவதை உலகம் அறியும். ஓய்வு பெற்ற முதியவன் வீடு தேடுவதை நம்மவர் ஒரு காரியமாகவே கருதுவதில்லை. மகன் வீட்டின் ஒரு மூலை போதும் என்று பலர் வாளாவிருந்து விடுகின்றனர். தோட்டப்புறத்துச் சகோதரர்களுக்கோ லயத்து வீடு என்பது வேலையோடு வந்து வேலையோடு போவது. கை தளரும் நாளில் தலைக்குமேல் இருந்த கூரையும் போய்விடுவதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள். ஆகவே, முதுமையில் எங்கே தங்குவது என்பது வீண் கேள்வியன்று. அக்கேள்வியை ஒரு பெரும் வியாபாரமாகவே வளர்த்துவிட்ட ஒரு நாட்டில் யாம் கண்டவற்றை ஈண்டு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

அமெரிக்காவில் அரிஸோனா என்னும் மாகாணத்தின் தலைநகரம் பீனிக்ஸ். ஸொனோரா பாலைவனத்தின் நடுவே, கையுயர்த்தி நிற்கும் மனிதரைப் போன்ற சகுவாரோ கள்ளிகள் சூழ அமைந்தது அது. அந்நகருக்கு அருகே, முன்னர்ப் பருத்தி விளைந்த நிலத்திலே, டெல் வெப் என்னும் கட்டட முதலாளி 1960-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி 'ஸன் ஸிட்டி' என்ற ஊரைத் திறந்து வைத்தார். முதியோருக்கென்றே சமைத்த ஊர் அது. நீந்தும் குளம், பந்தாட்டத் திடல், தச்சுப் பட்டறை, கூடிப் பேசுவதற்கு மண்டபம் ஆகிய யாவும் அமைந்திருந்தன. பனியில் நடுங்கிய வடபுலத்து முதியோர் திரள் திரளாக வந்தனர். 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்தனர். அதைப் பின்பற்றி எழுந்த முதியோர் குடியிருப்புகள் அந்நாடெங்கும் பரவியுள்ளன.

எமது தமக்கையாரும் அவர் கணவரும் அந்நாட்டில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். பனிக்குளிர் மூட்டுவலியை மிகுவித்தமையாலும், மகள் பீனிக்ஸில் வேலையாயிருந்தமையாலும், அவர்கள் அப்பக்கத்தில் வீடு பார்க்க எண்ணி எம்மையும் துணைக்கு அழைத்தனர். விற்போர் குளிர்காலத்தில் வீடு காட்டவே விரும்புவர். அப்போது அப்பாலை சோலையைப்போல் இனிக்கும். யாம் வேண்டுமென்றே ஜூலை மாதத்தில் சென்றோம். ஒரு வீட்டின் குணத்தை அதன் கொடிய மாதத்தில் காண்பதே அறிவுடைமை.

"இது உலர்ந்த வெப்பம், உடலை வருத்தாது" என்று விற்போர் கூறுவர். நமது நாட்டுப் புழுக்கத்தை அறிந்தவர்க்கு இச்சொல் இனிமையாகவே தோன்றும். ஆனால் உண்மை வேறு. அங்கே வியர்வை தோன்றுமுன்னரே உலர்ந்து போவதால், உடல் நீர் இழப்பது தெரிவதில்லை. முதியோர்க்குத் தாக உணர்ச்சியும் மங்கியிருக்கும். 2023-ஆம் ஆண்டில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் எரித்தது. அவ்வாண்டில் அந்நகரை உள்ளடக்கிய மாரிக்கோப்பா ஜில்லாவில் வெப்பத்தால் மாண்டவர் 645 பேர் என்று அரசாங்கத்தாரே கணக்கிட்டனர். வீட்டினுள்ளேயே மாண்டவர்களுள் பலருடைய வீட்டில் குளிர்சாதன யந்திரம் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை. எனவே அந்நாட்டில் குளிர்சாதனம் ஆடம்பரமன்று, அது உயிர்ச்சாதனம். அந்த யந்திரத்தின் வயதென்ன, பழுதானால் ஆள் எத்தனை நாழிகையில் வருவார், மின்சாரக் கட்டணம் கோடையில் எவ்வளவு என்பவற்றையே நாம் முதலில் கேட்கவேண்டும். சுவரின் வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம்.

நம்மவர் வீடு வாங்கும்போது மனையடி சாஸ்திரக்காரனை அழைத்துத் திசை கேட்பர். அங்கேயும் திசை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சோதிடத்துக்காகவன்று, சூரியனுக்காக! மேற்கு நோக்கிய பெரிய சன்னல் பிற்பகல் முழுவதும் வெயிலை வீட்டினுள்ளே கொட்டும். பின்தாழ்வாரம் கிழக்கிலோ வடக்கிலோ இருந்தால் மாலையில் நிழலில் அமரலாம். மேற்கில் இருந்தால் அது அடுப்பங்கரையே. படியில்லாத ஒற்றைத் தளம், அகன்ற கதவு, வழுக்காத குளியலறை ஆகியவை முதுமைக்கு வேண்டியவை. இத்தகைய பகுத்தறிவுச் சாஸ்திரத்துக்குத் தட்சிணை வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் கேட்டறிந்தோம். கொலராடோ ஆற்று நீர் 336 மைல் நீளமுள்ள கால்வாய் வழியாகப் பாலைக்கு ஏற்றப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்காட்ஸ்டேல் நகருக்கு வெளியேயுள்ள ஒரு குடியிருப்புக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த நீரை அந்நகரசபை நிறுத்திவிட்டது. அழகிய மாளிகை வாசிகள் வாளியைக் கணக்குப் பார்த்துக் குளிக்க நேர்ந்தது. குழாயின் மறுமுனை எங்கேயுள்ளது என்று அறியாமல் பாலையில் வீடு வாங்குவது பேதைமை.

இத்தனையும் பார்த்து ஒரு முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு தமக்கையாரின் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அப்பொழுது தமக்கையார் விற்பனை அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்கள் மகள் நோய்ப்பட்டால், ஆறு வயதுப் பேத்தியை எங்களோடு வைத்துக்கொள்ளலாமா?" அவர் மரியாதையாகவே விடையிறுத்தார்: "விருந்தாகச் சில நாட்கள் வரலாம், அம்மா, குடியிருக்க இயலாது."

அது சட்டப்படி சரியே. குடியிருக்கும் வீடுகளில் 100-க்கு 80 வீட்டிலேனும் 55 வயது நிறைந்த ஒருவர் வாழ்வாராயின், அவ்வூர் குழந்தைக் குடும்பங்களை விலக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. அமைதியை நாடும் முதியோரை யாம் குறைகூற மாட்டோம். உழைத்து ஓய்ந்தவர்க்கு அமைதி உரிமையே. ஒத்த வயதினர் கூடி ஒருவரையொருவர் தாங்கும் நட்பும் அங்கே மெய்யாகவே உண்டு. ஆயினும் ஸன் ஸிட்டி முதியோர் அண்டைப் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் திரட்டும் தீர்மானங்களைப் பன்முறை வாக்களித்துத் தோற்கடித்தனர் என்பதும், முடிவில் அவ்வூர் அப்பள்ளி வட்டாரத்தினின்று பிரிக்கப்பட்டது என்பதும் வரலாறு. குழந்தையின் குரலைக் கேளாதவர் குழந்தையின் கல்வியையும் மறந்துவிடுவர் போலும்! மனிதரைப் பிறப்பால் பிரிப்பதை எதிர்க்கும் நாம், வயதால் பிரிப்பதையும் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

தமக்கையாரும் அவர் கணவரும் அன்றிரவு நெடுநேரம் பேசினர். கணவருக்கு நீந்தும் குளத்தின்மேல் ஆசை. மனைவிக்குப் பேத்தியின்மேல் கவலை. முடிவில், வயதுத் தடையில்லாத சாதாரணத் தெருவொன்றில், வைத்தியசாலைக்கு அருகே, கிழக்குத் தாழ்வாரமுள்ள சிறு வீட்டை அவர்கள் வாங்கினர். ஒரு மாதக் குளிர்சாதனச் செலவுக்குரிய பணத்தைத் தனியே ஒதுக்கியும் வைத்தனர். குளத்துக்கு நகரசபைக் குளம் இருக்கிறது என்று கணவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

எல்லோரும் இம்முடிவையே மேற்கொள்ள வேண்டுமென்று யாம் சொல்லவில்லை. பிள்ளையில்லாதவர்க்கும், தனித்திருப்பவர்க்கும் முதியோர் ஊர் நன்மையே செய்யக்கூடும். ஆனால் கணவனும் மனைவியும் கூடிப் பேசி, வெப்பம், நீர், மருத்துவம், உறவு ஆகிய நான்கையும் எடைபோட்டு, உடலில் வலு இருக்கும்போதே முடிவு செய்யவேண்டும். அம்முடிவைப் பிள்ளைகள் கையிலோ, சோதிடன் கையிலோ, விற்பனைக்காரன் கையிலோ விட்டுவிடலாகாது. தோழர்களே, கூலியில் ஒரு பகுதியை இன்றே முதுமைக் கூரைக்கென ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்களையும் அமரவைத்து அது எத்தகைய கூரை என்று கேளுங்கள்.