பரணில் இருக்கும் வீணைக்கு வயசு என்ன? - விளாத்திகுளம் பக்கம் ஒரு பயணம்

எட்டயபுரத்தில் இருந்து விளாத்திகுளம் போகும் சாலையின் இருபுறமும் கரிசல் காடு. சீசனில் போனால், களத்தில் காயும் சம்பா வத்தல் கண்ணைப் பறிக்கும், மூக்கை நெருடும்!

வத்தலைப் போலவே பாட்டும் இந்த மண்ணின் விளைச்சல்தான். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அச்சானதும் அங்கேதான். விளாத்திகுளத்துக்கு, ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிய நல்லப்ப சுவாமிகள். ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டு, 'விளாத்திகுளம் சுவாமிகள்' ஆனார். எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இவரிடம் இசை கற்றவர்.

இப்படிப்பட்ட பகுதியில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரணில் இருந்து ஒரு வீணை இறங்கினால் ஆச்சரியமில்லை. அதன் வயசு என்ன, மதிப்பு என்ன?

அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் என்றால் பதில் சுலபம். நடுவில் இருக்கும் துளை வழியே எட்டிப் பார்த்தால், உள்கட்டையில் ஓர் எண் தெரியும். 1898 முதல் வரிசையாகப் போட்டு வரும் எண் அது. பட்டியலோடு ஒப்பிட்டால் வருடம் கிடைத்துவிடும். மரமும் சாட்சி சொல்லும். 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட் போய், நம் நாட்டு ஈட்டி மரம் வந்தது. பழைய பாலிஷைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் மதிப்பு பாதியாகிவிடும் என்பது வியாபாரிகள் கணக்கு.

நம் வீணையில் அப்படி எண் இருக்காது. அதன் உடம்பைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முழுசும் ஒரே பலாக்கட்டையில் குடைந்திருந்தால் அது ஏகாண்ட வீணை. மதிப்பு அதிகம். அடுத்து, ஓரத்து வேலைப்பாடு. பிளாஸ்டிக் என்றால் பிற்காலத்தது. தந்தம் என்றால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், உஷார்... தந்தத்தை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். மெழுகும் மெட்டும் மாற்றியிருந்தால் கவலை வேண்டாம். அவை தேய்வதும் மாற்றுவதும் வழக்கம்தான். பளபளப்பாக்குகிறேன் என்று வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

கடைசி சாட்சி, வீட்டுப் பாட்டி. யார் வாசித்தது, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். கிடாருக்குள் இருக்கும் எண், நம் வீட்டில் பாட்டியின் ஞாபகத்தில் இருக்கிறது.

பழைய சாமான் வண்டி வாசலுக்கு வரும் முன், பாட்டி சொல்வதை ஒரு தாளில் எழுதி வீணையோடு வைத்துவிடுங்கள். அதன் பிறகு விலையைப் பேசலாம்... விற்கத் தோன்றினால்!