லூஸா... டைட்டா?

'கார் ரொம்ப லூஸு!' அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸில் ஒரு டிரைவர் ரேடியோவில் இப்படிக் கத்தினால், நமக்குச் சிரிப்புதான் வரும். கொஞ்ச நேரத்தில் 'இப்ப செம டைட்டு!' என்கிறார். நம்ம ஊரில் லூஸுன்னா கிறுக்கு, டைட்டுன்னா சரக்கு கேஸ். அங்கே ஜெயிப்பதும் சுவரில் மோதுவதும் இந்த ரெண்டு வார்த்தையில் இருக்கு பாஸ்!

வடக்குப்பட்டுக்காரங்களுக்குக் காருக்கா பஞ்சம்? ஒரகடம் ரோட்டுல நின்னா புதுக் கார்களைச் சுமந்த லாரிகள் வரிசையா போகும். ஆனாலும் 'ஹேண்ட்லிங்' பாஷை எனக்குப் புரிந்தது எங்க தெரு தண்ணி லாரி டிரைவர் அண்ணனிடம்தான். நான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒப்பிக்க, அவர் ஒரே வரியில் முடித்தார்: "ஒண்ணு, மூக்கு திரும்பாது. இல்லேன்னா வால் வீசும். அவ்ளோதானே தம்பி?"

அவ்வளவேதான்! வளைவில் முன் டயர் பிடி விட்டால் கார் திரும்பாமல் நேரே போகும். அது டைட், மற்ற ரேஸ்களில் அண்டர்ஸ்டீர். பின் டயர் பிடி விட்டால் வால் வெளியே போகும். அது லூஸ், அதாவது ஓவர்ஸ்டீர். டிரைவர் சொல்வதைக் கேட்டு, பிட்டில் மெக்கானிக் பின் கண்ணாடிப் பக்கம் ஸ்பேனரை விட்டு ஒரு திருகு திருகுவார். ஸ்பிரிங் அழுத்தம் மாறி, எந்த டயர் எவ்வளவு எடை தாங்கணும் என்பதே மாறிடும். டிரைவர் வார்த்தையை மாற்றிச் சொன்னால்..? திருகலும் தலைகீழ்!

2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010-ல் நாஸ்கார் டிரக் ரேஸுக்குப் போனார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ரேஸிலேயே 13-வது இடம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பத்து வளைவுக்கு மேல், இடமும் வலமும் மாறி மாறி வரும். மார்ட்டின்ஸ்வில்லில் இடது, இடது, இடது மட்டும்தான். பார்க்க ஈஸி மாதிரி இருக்கும். ஆனா அதே வளைவில் நூற்றுக்கணக்கான தடவை திரும்பும்போது, சின்ன லூஸ்கூட டயரைத் தின்றுவிடும்.

நாம் ஓட்டும் சாதாரண கார்களை வேணும்னே கொஞ்சம் டைட்டாகத்தான் செய்கிறார்கள். பயந்தால் எல்லோரும் முதலில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்போம். எடை முன்னால் சாயும். முன் டயருக்குப் பிடி திரும்பக் கிடைக்கும். லூஸ் காரில் அதே காரியம் செய்தால் வால் இன்னும் வீசும். அதனால மழையில் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டு வளைவில் மூக்கு திரும்பலைன்னா ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்காதீங்க. வழுக்குகிற டயரிடம் மேலும் வேலை கேட்டால் அது எங்கே போகும்? மெதுவா வேகத்தைக் குறைங்க.

டிரைவர் அண்ணன் இப்போ புதுசா ஒண்ணு கேட்டிருக்கார். "பாதி டேங்க் தண்ணி அலையும்போது என் லாரி லூஸா, டைட்டா?" யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.