சக்கரத்தடியில்

கீழவீதியில் ஆழித்தேர் அசைந்துவிட்டது. அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. “ஆரூரா! தியாகேசா!” என்று குரல் எழும்ப, ஆயிரக்கணக்கான கைகள் வடத்தை இழுக்கின்றன. திருவாரூரே அண்ணாந்து கலசத்தைப் பார்க்கிறது. என் பார்வை சக்கரத்தடியை விட்டு நகரவில்லை.

முட்டுக்கட்டைக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். உருண்டு வரும் இரும்புச் சக்கரத்தின் முன் ஒருவர் குனிந்து கட்டை கொடுக்கிறார். சக்கரம் அதில் ஏறி நறநறவென்று தேய்கிறது. இடச்சக்கரம் ஒரு கணம் தாமதித்தால் போதும், தேர் இடப்பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும். அவர் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுகிறார். அடுத்த கட்டை அதில் வந்து விழுகிறது. சக்கரம் துப்பியதைப் பொறுக்கி வர ஓர் இளைஞன். ஒரு கட்டை பிளந்துபோகிறது. யாரும் யாரையும் ஏசவில்லை, வேறு கட்டை வருகிறது.

குனிந்திருப்பவருக்கு வீதி தெரியாது. வடம் பிடிப்பவர்கள் தேருக்கு முதுகு காட்டி இழுக்கிறார்கள். இரண்டையும் பார்ப்பவர் முன்னால் துண்டு வீசும் பெரியவர் ஒருவரே. அவர் கை எதையும் இழுக்கவில்லை, தடுக்கவில்லை.

தேர் சற்றே வாய்க்கால் ஓரம் ஒதுங்குகிறது. துண்டு தாழ்கிறது, விசில் அலறுகிறது, வடங்கள் தளர்ந்து தரையில் விழுகின்றன. இழுப்பதற்கு உற்சாகம் போதும். அந்த உற்சாகத்தின் உச்சியில் இத்தனை பேரும் ஒருசேரக் கையை விடுகிறார்களே, அன்றைக்கு நான் கண்ட பெரிய காட்சி அதுதான்.

திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. பின்னாலிருந்து தள்ள புல்டோசரும் உண்டு. ஆனாலும் கட்டை போகவில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற இந்தத் தேர் 1970இல் மறுபடி ஓடியது. மரமும் இரும்பும் அன்று எப்படியும் கிடைத்திருக்கும். ஒன்றையொன்று அறிந்த கைகளைச் சேர்த்ததுதான் பெரும்பாடாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தெற்கு வீதித் திருப்பம் வந்துவிட்டது. சக்கரங்களுக்கு அடியில் வைக்க இரும்புத் தகடுகள் வருகின்றன, மசகு தடவுகிறார்கள். இங்கே வலச்சக்கரத்துக்குத்தான் வேலை அதிகம். இடப்பக்கம் இருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கே போகிறார். அவர் விட்ட இடத்தைப் பெரியவர் துண்டால் காட்டுகிறார். இளைஞன் கட்டையோடு குனிகிறான்.